ரயில் நிலையத்தை இடிக்கச் சொன்ன பையன்கள்: லீமாவில் ஆறு நாட்கள்

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

பெரு நாட்டின் தலைநகரான லீமாவின் மக்கள் தங்கள் குளிர்கால வானத்தைக் 'கழுதை வயிறு' என்று அழைக்கிறார்கள். இன்று காலை சன்னலைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பெயரை முதலில் வைத்தவர் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று. மேகம் என்று தனியே எதையும் சுட்டிக்காட்ட முடியாத ஒரே வெளிறிய சாம்பல் நிறம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியவில்லை. இந்த ஊரில் மழை பெய்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக 'கருவா' என்ற ஒன்று இறங்குகிறது. தூறல் என்று சொல்லவும் தகுதியில்லாத அந்த ஈரம், பால் காய்ச்சும் அடுப்பருகில் நிற்பது போல முகத்தில் படிகிறது, ஆனால் குளிர்ந்திருக்கிறது. வெப்பநிலை பதினைந்து டிகிரிதான் என்றாலும் அறையில் கணப்பு எதுவும் கிடையாது. நேற்று முன்தினம் துவைத்துப் போட்ட சட்டை இன்று மாலையும் காயவில்லை.

அலுவலக வேலை சென்ற வாரமே முடிந்துவிட்டது. உடன் வந்தவர்கள் மச்சு பிச்சுவுக்குப் புறப்பட்டார்கள். நான் லின்சே என்ற பகுதியில் மலிவான அறை ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டேன். லின்சேயில் சுற்றுலாப் பயணி பார்ப்பதற்கு எதுவும் இல்லை. இரண்டு மாடி வீடுகள், இரும்புக் கம்பியிட்ட சன்னல்கள், பல் மருத்துவர்கள், கோழி வறுவல் கடைகள் என்று பழைய நடுத்தரக் குடும்பங்களின் குடியிருப்பு அது. 1964இல் இங்கே நான்கு பையன்கள் சேர்ந்து 'லோஸ் சைக்கோஸ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். எர்வின் ஃப்ளோரெஸ் பாடினார், ரோலாந்தோ கார்ப்பியோ முதன்மைக் கிடார், சேசர் காஸ்த்ரியோன் பேஸ் கிடார், ஃப்ரான்சிஸ்கோ குவேரா டிரம்ஸ். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆறு சிறிய இசைத்தட்டுகள், அதாவது பன்னிரண்டே பாட்டுகள், வெளியிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அவற்றுள் 'தெமோலிசியோன்' (இடிப்பு) என்ற பாட்டு, ரயில் நிலையத்தைத் தகர்த்துத் தள்ளுவோம் என்று உற்சாகமாக அழைக்கிறது. 'பூனைகளின் சவ அடக்கம்' என்று இன்னொரு பாட்டும் உண்டு.

கராஜ் ராக் என்று இந்த வகை இசைக்குப் பெயர். நம்மூரில் கராஜ் என்றால் வண்டி பழுது பார்க்கும் பட்டறை; இங்கே அது வீட்டையொட்டிய கார் கொட்டகை. பெரியவர்களின் காதில் விழாத தொலைவில், வாங்கி முடிக்காத கருவிகளோடு, சரியாகக் கற்றுக்கொள்ளாத விரல்களோடு வாசிக்கப்பட்ட இசை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் ஃப்ளோரெஸ் பாடுவதைக் கேட்ட பிறகு, கொட்டகை போதாது, தெருவையே காலி செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பொருளற்ற அசைகளை அடித்தொண்டையிலிருந்து அவர் வாரி இறைக்கும் விதம், சங்கிலியில் கட்டிய நாய் தபால்காரரைக் கண்டது போல இருக்கும்.

2006இல் லின்சேயில் ஒரு தெரு முனையில், பங்க் ராக் என்ற ஆவேசமான, இரைச்சலான இசையின் உலக இயக்கம் இந்த இடத்தில்தான் பிறந்தது என்று அறிவிக்கும் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதைப் பார்ப்பதுதான் இன்றைய வேலை. ஹூலியோ சி. தெய்யோ தெருவும் மிகெல் இக்லேசியாஸ் தெருவும் சந்திக்கும் முனை என்று குறித்து வைத்திருந்தேன். வழி கேட்ட முதல் மனிதர் 'இதோ, பக்கத்திலேதான்' என்று கையை நீட்டினார். இரண்டாமவரும் அதே சொற்களைச் சொல்லி எதிர்த்திசையில் நீட்டினார். ஒருவரும் தெரியாது என்று சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லி அனுப்புவதை இவர்கள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள் என்பது நாற்பது நிமிடம் நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பலகை சிறியது, தேடி வருபவர் கண்ணுக்கு மட்டுமே படக்கூடியது. பராகாஸ் கல்லறைகளை அகழ்ந்து, பெருவின் தொல்லியலுக்குத் தந்தை எனப் பெயர் பெற்ற அறிஞரின் பெயரைத் தாங்கிய தெருவில், இடிப்பதைப் பற்றிப் பாடியவர்களுக்குப் பலகை வைத்திருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். கார்ப்பியோ அதைப் பார்க்கவில்லை. அது பதிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

நான் படம் எடுப்பதைக் கண்டு, காய்கறிப் பையோடு வந்த மூதாட்டி ஒருவர் நின்றார். "இதற்காகவா வந்தீர்கள், தம்பி?" என்று கேட்டார். நாற்பத்து நான்கு வயதில் என்னை 'ஹோவென்' என்று அழைத்ததை வேறெப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன். "கத்துவார்கள். என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களையெல்லாம் சினிமா கொட்டகைக்கு அழைத்துப் போவான். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே அங்கேதான். அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்" என்றார். பூசை முடிந்ததும் என்ற சொல்லை நான் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்றைய மதிய உணவு பதினைந்து சோல். நம் பணத்தில் முந்நூற்று முப்பது ரூபாய் சுமார். 'மெனு' என்று கேட்டால் உணவுப் பட்டியல் வராது, சாப்பாடே வந்துவிடும்: முதலில் சூப், பிறகு ஒரு முக்கியத் தட்டு, குடிக்க ஒரு குவளை. சூப்பில் ஒரு கோழிக்கால் நகத்தோடு மிதந்தது. அதை நாகரிகமாக ஓரம் ஒதுக்கினேன். முக்கியத் தட்டில் வந்த 'தாக்கு தாக்கு' என்னை வென்றுவிட்டது. முந்தைய நாள் சோற்றையும் பயறையும் பிசைந்து, வாணலியில் போட்டு அடி மொறுமொறுக்கும்வரை புரட்டி எடுத்திருந்தார்கள். பழைய சோற்றை வீணாக்காத எந்த வீட்டிலும் அதன் உறவு முறை புரியும். குவளையில் இருந்தது ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு காய்ச்சி ஆற்றிய சிச்சா மொராதா. இடமில்லாததால் என் மேசையிலேயே வந்தமர்ந்த கட்டடத் தொழிலாளர் இருவரும், எழுந்து போன அலுவலகப் பெண்ணும், வாசலில் நுழைந்த முதியவரும், அறிமுகமே இல்லாத என்னைப் பார்த்து 'ப்ரோவெச்சோ' என்றார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்பது போன்ற வாழ்த்து அது. நான்கு முறை பதில் சொல்வதற்குள் சூப் ஆறிவிட்டது.

பிற்பகலில் நகர மையத்துக்குப் போனேன். அரசு மாளிகைக்குப் பின்னால், ரீமாக் ஆற்றின் கரையில், தெசாம்பராதோஸ் ரயில் நிலையம் இருக்கிறது. 1912இல் திறக்கப்பட்ட அழகான கட்டடம். மேற்கூரையில் வண்ணக் கண்ணாடி வழியாக வடிகட்டிய ஒளி விழுகிறது. ஆண்டிஸ் மலை மீது 4,700 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஏறிச் சென்ற பாதையின் நகர முனை இதுதான். பாட்டில் வரும் நிலையம் இதுவே என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். இருந்தாலும் லீமாவில் ஒருவன் ரயில் நிலையம் என்று சொன்னால் அவன் மனக்கண்ணில் வேறெந்தக் கட்டடம் வந்திருக்கும்? இப்போது அது இலக்கிய இல்லமாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பயணிகள் காத்திருந்த கூடத்தில் பள்ளிச் சிறுமிகள் சப்பணமிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். காவலர் ஒருவர், என் நனைந்த காலணி தரையில் தடம் பதிப்பதைப் பார்த்தும் பார்க்காதவர் போல நடந்தார்.

திரும்பும் வழியில் கில்கா தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் இசைத்தட்டுக் கட்டைப் புரட்டினேன். லோஸ் யோர்க்ஸ் என்ற குழுவின் அட்டை ஒன்று கிடைத்தது. சைக்கோஸ் கலைந்த பிறகு, 1967 முதல் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்றாகப் பெருந்தட்டு வெளியிட்டவர்கள் இவர்கள். பாடகர் பப்லோ லூனா, சைக்கோஸ் விட்ட இடத்திலிருந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டவர். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் மாக். உரிமையாளர் மனுவேல் அந்தோனியோ கெர்ரேரோ தம் பெயரின் முதலெழுத்துகளையே நிறுவனத்துக்குச் சூட்டிவிட்டார். கடைக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூறுக்கு இறங்கினார். நான் அவரை 'கசேரோ' என்று அழைத்தது அவருக்குப் பிடித்திருந்தது. அது வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் பொதுவான விளி. இரு பக்கமும் ஒரே சொல்லால் அழைத்துக்கொள்ளும் வசதி நம் சந்தைகளில் இல்லை. தட்டு பிளாஸ்டிக் உறையில் ஒட்டப்பட்டிருந்ததால் திறந்து பார்க்கவில்லை. அதன் விளைவைச் சனிக்கிழமைப் பதிவில் காண்க.

ஆகஸ்ட் 29, வியாழன்

இரவு ஒன்பது மணிக்குக் கச்சேரி என்று சுவரொட்டி சொன்னது. பாரான்கோ பகுதியில், முன்பு வீடாக இருந்த ஒரு மதுக்கடையின் பின்கட்டில், இன்றைய கராஜ் குழுக்கள் மூன்று வாசிக்கின்றன. நுழைவு இருபது சோல்.

போவதற்குள் ஒரு சிறு விபரீதம். இங்குள்ள சிறு பேருந்துகளில் நடத்துநர்கள் கதவில் தொங்கியபடி போகும் சாலைகளின் பெயரை மந்திரம் போலக் கூவுவார்கள். ஏறு ஏறு என்று அவசரப்படுத்துவார்கள். இறங்கும்போது 'வலது கால், வலது கால்' என்பார்கள். புது வீட்டுக்குள் போகும் மணப்பெண்ணுக்குச் சொல்வது போல இருக்கிறதே என்று முதல் நாள் மகிழ்ந்தேன். வண்டி முழுமையாக நிற்காது, ஓடும் திசையைப் பார்த்து வலது காலை வைத்தால்தான் விழாமல் தப்பலாம் என்பது காரணம். இன்று அரேக்கீப்பா சாலை என்று என் காதில் விழுந்த வண்டி வேறெங்கோ போயிற்று. அரை மணி கழித்து, துறைமுகமான கயாவோவின் திசையில் உப்புக்காற்று அடிக்கத் தொடங்கியதும்தான் விழித்துக்கொண்டேன். நடத்துநர் என் கட்டணமான ஒன்றரை சோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து வண்டியை அவரே கைதட்டி நிறுத்தி, என்னைப் பற்றி அந்த நடத்துநரிடம் ஏதோ சொல்லி ஏற்றிவிட்டார். அந்த வண்டியிலிருந்தவர்கள் எல்லாரும் என்னைக் கனிவோடு பார்த்ததிலிருந்து, அவர் சொன்னது என் அறிவைப் பற்றியதாக இருக்கலாம்.

பத்தரைக்கு வியர்த்து விறுவிறுத்து நுழைந்தால், மேடையில் ஒருவர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முதல் குழு நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு தொடங்கியது.

இருபது வயதைத் தாண்டியிராத ஒரு பெண் டிரம்ஸ் வாசித்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளி நின்ற கிடார்க்காரன் காலடியில் ஒரே ஒரு பெடல்; அதை மிதித்ததும் கிடாரின் நாதம் தகரத்தை அறுக்கும் ரம்பமாகிவிடும். பாட்டுகள் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. சுருதி சேர்க்க நிற்பதில்லை. ஒரு பாட்டின் கடைசி இரைச்சல் அடங்குவதற்குள் அடுத்ததற்கு எண்ணிவிடுகிறாள். இந்த இசையில் நான் விரும்புவது வேகத்தை மட்டுமல்ல. வாசிப்பவர்கள் தங்கள் திறமையின் விளிம்பில் நின்று வாசிப்பது காதில் கேட்கிறது. நன்கு தேர்ந்த கலைஞன் தவறிழைக்கமாட்டான் என்ற நம்பிக்கையில் கேட்பது ஒரு சுகம். இதோ விழப்போகிறார்கள் என்று பதறிக் கேட்பது வேறு சுகம்.

மூன்றாவது குழு, ஒன்றரை மணிக்கு மேல், 'தெமோலிசியோன்' தொடங்கியது. எண்பது பேர் இருந்திருப்பார்கள். எண்பது பேரும் அந்த அசைகளைக் கத்தினார்கள். என் காலணியில் ஒரு முழுக் குவளை பியர் கவிழ்ந்தது. கவிழ்த்த இளைஞன் பாட்டின் நடுவிலேயே மன்னிப்புக் கேட்டு, தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் குனிந்து துடைக்கத் தொடங்கினான். தன் அம்மா பார்த்தால் இதைத்தான் எதிர்பார்ப்பாள் என்று விளக்கமும் கொடுத்தான்.

வெளியே வந்தபோது தெருமுனையில் கரி அடுப்பில் அந்திகூச்சோ வாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டு இதயத் துண்டுகளை மிளகாய், சீரகம், காடியில் ஊறவைத்துக் குச்சியில் கோத்தது. பதினான்கு சோல். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்றதும், குச்சியோடு வரும் வேகவைத்த உருளைக்கிழங்கை மட்டும் மூன்று துண்டு, மஞ்சள் மிளகாய்ச் சாந்து தடவிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார் அந்த அம்மாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஈரக் காலணியும் நள்ளிரவுக் குளிரும் சேர்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டன. லேசான காய்ச்சல். அதோடு இன்று லீமாவின் புனித ரோசா திருநாள், நாடு முழுவதற்கும் விடுமுறை; பார்க்க நினைத்த கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. விடுமுறையை முன்னரே பார்த்து வைக்காதது என் தவறு.

தாக்னா சாலையில் புனிதையின் ஆலயத்துக்கு முன்னால் வரிசை பல தெருக்களைச் சுற்றியது. வேண்டுதல்களைக் கடிதமாக எழுதி, அங்குள்ள கிணற்றில் போடுவது வழக்கம். வரிசையில் நிற்கும் தெம்பு எனக்கு இல்லை. தள்ளுவண்டியில் இரண்டு சோலுக்கு எமோலியென்தே வாங்கிக் குடித்தேன். வறுத்த பார்லி, ஆளிவிதை, மூலிகைகள் கொதித்த சுடுநீரில் எலுமிச்சை பிழிந்தது. வெண்டைக்காய் போல வழவழவென்று தொண்டையில் இறங்குகிறது. குடித்து முடித்ததும் கேட்காமலே அரைக் குவளை இன்னும் ஊற்றினார். 'யாப்பா' என்று அதற்குப் பெயர். கொசுறு என்ற நம் சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தம் சொல்தான் வாய்க்கு எளிது என்று தீர்ப்பளித்தார்.

ஆகஸ்ட் 31, சனி

காய்ச்சல் விட்டுவிட்டது. பிரேசில் சாலையில் உள்ள கேலரியாஸ் பிரேசில் என்ற வணிக வளாகத்துக்குப் போனேன். இசைத்தட்டு, கேசட், இசைக்குழுச் சட்டை விற்கும் சிறு கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. ஒரு கடையில் தட்டுச் சுழலியைக் கண்டதும், புதன்கிழமை வாங்கியதை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். உறையைப் பிரித்தார், தட்டை வெளியே எடுத்தார், முகப்பைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே இருந்தது லோஸ் யோர்க்ஸ் இல்லை. கும்பியா நடன இசைத்தட்டு.

நூறு சோல் போயிற்றே என்று நான் நின்றபோது, அவர் ஊசியை இறக்கினார். லோஸ் தெஸ்தெய்யோஸ் என்ற குழு. என்ரிக்கே தெல்காதோ என்ற கிடார்க் கலைஞர் 1966இல், அதாவது சைக்கோஸ் கலைந்த அதே ஆண்டில், தொடங்கியது. அடியில் கும்பியாவின் குலுங்கும் தாளம். ஆனால் மேலே பாடுவது மனிதக் குரல் இல்லை, கரகரக்கும் மின் கிடார். வியாழன் இரவில் அந்தப் பையன் காலால் மிதித்து எழுப்பிய அதே ரம்ப ஒலியை, இங்கே கல்யாண வீட்டில் எல்லாரும் ஆடும் இசைக்குள் குழைத்திருந்தார் தெல்காதோ.

"ராக் செத்துப்போயிற்று என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள்," என்றார் கடைக்காரர். "1968 அக்டோபரில் வெலாஸ்கோ ஆட்சியைப் பிடித்தார். ராணுவ அரசுக்கு இது வெளிநாட்டுச் சரக்கு. 1971 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ராக் கிடார்க் கலைஞர் சாந்தானா வந்தார். சான் மார்க்கோஸ் பல்கலைக்கழக மைதானத்தில் கச்சேரி நடப்பதாக இருந்தது. வந்த வேகத்தில் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் கிடாரும் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் எங்கே போகும்? வாங்கியவன் கடனை அடைக்க வேண்டாமா? கும்பியா வாசித்தான்."

பலகையைப் பற்றிக் கேட்டேன். உலகில் முதல் பங்க் என்பதை அவர் நம்புகிறாரா? பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் தட்டு 1976 என்று பார்த்தால் லீமாவுக்குப் பதினோரு ஆண்டு முன்னுரிமை உண்டு. ஆனால் 1965இலேயே அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் தி சோனிக்ஸ் குழுவினர் இதே ஆவேசத்தோடு பெருந்தட்டு வெளியிட்டிருந்தார்கள் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். "பலகைக்கு ஒரு வாசகம் வேண்டும் அல்லவா? முதல் என்று எழுதினால்தான் நகராட்சி பணம் தரும்" என்றார். எனக்கும் அந்தப் போட்டியில் ஆர்வம் குறைந்துவிட்டது. அந்த மூதாட்டி சொன்னதுதான் மனத்தில் ஓடுகிறது. தொலைக்காட்சியில் தோன்றி, திரையரங்குகளில் 'மத்தினால்' எனப்பட்ட காலைக் கச்சேரிகளில், பூசை முடிந்து வந்த குழந்தைகள் முன்னிலையில், பூனைகளின் சவ அடக்கம் பாடப்பட்டிருக்கிறது. தலைமறைவாக யாரும் எதையும் செய்யவில்லை.

தலைமறைவு பின்னால் வந்தது. எண்பதுகளில் லெயுசேமியா, நார்கோசிஸ் போன்ற குழுக்கள் தங்கள் இசையை 'நிலத்தடி ராக்' என்றே அழைத்தன. நார்கோசிஸின் 1985ஆம் ஆண்டுக் கேசட் கைக்குக் கை நகலெடுக்கப்பட்டுப் பரவியது. அந்த ஆண்டுகளில் ஒளிரும் பாதை என்ற மாவோயிச ஆயுத இயக்கத்தினர் மின்கோபுரங்களை வெடிவைத்து வீழ்த்த, நகரமே இருளில் மூழ்குவது வாடிக்கை. "1965இல் ரயில் நிலையத்தை இடிப்போம் என்றால் எல்லாரும் சிரித்தார்கள்," என்றார் கடைக்காரர். "1985இல் அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டால் அம்மா ஓடிவந்து சன்னலை அடைப்பாள்." இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தெல்காதோவின் கிடாரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தட்டை நூற்றிருபதுக்கு வாங்கிக்கொள்வதாக அவரே முன்வந்தார். கொடுக்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

இரவு விமானம். காலையில் அந்த மத்தினால் திரையரங்குகளில் ஏதேனும் ஒன்றையாவது வெளியிலிருந்து பார்த்துவிடலாம் என்று நகர மையத்துப் பக்கம் நடந்தேன். லீமாவின் பழைய திரையரங்குகள் பல வண்டி நிறுத்துமிடங்களாகவும் சுவிசேஷ சபைகளாகவும் மாறிவிட்டன. ஒரு முகப்பில், திரைப்படப் பெயர் எழுதும் பலகையில் வேத வசனம் எழுதியிருந்தார்கள். இங்கே சைக்கோஸ் வாசித்தார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வாசலில் நின்ற பெண், தயங்கியவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், சரிந்த தரையில் வரிசையிட்ட பழைய மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார வைத்தார்.

பத்தரை மணி. திரை இருந்த இடத்தில் ஒரு டிரம்ஸ், இரண்டு கிடார், ஒரு பேஸ். கிடார் வாசித்த பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். ஆம்பின் ஒலிபெருக்கி கிழிந்திருந்தது போலும், மேல் சுரங்களில் எல்லாம் கரகரத்தது. போதகர் திரும்பி, சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டினார். பையன் குமிழைத் திருகினான். சத்தம் குறையவில்லை, கூடியது. முன்வரிசையில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னை அழைத்து வந்த பெண் பாட்டுத் தாளை நீட்டி, எந்த வரியில் இருக்கிறோம் என்று விரலால் காட்டினார்.